காதும் காதும் வைத்தாற்போல்

மூன்றாவது ஜோடி மானிட்டரைக் காதுக்குள் பொருத்தியதும்தான் அக்காவின் குரல் சறுக்குவது தெளிவாகக் கேட்டது.

முதல் ஜோடியில் அது தெரியவில்லை. டிரம்ஸ் வயிற்றில் உதைத்தது. குரல்கள் போர்வைக்குள்ளிருந்து பாடின. இரண்டாவது கொஞ்சம் சுத்தம். ஆனால் 'ச' வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது.

மூன்றாவதில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சரணத்தின் மூன்றாம் வரியில் அக்கா மேலே போகிறாள், தொடுகிறாள், நிற்க முடியாமல் மயிரிழை இறங்குகிறாள்.

அரை விநாடி கழித்து நானும் இறங்குகிறேன்.

போன வாரம் நாங்கள் இருவரும் மேடையில் பாடிய பாட்டு அது. கேபிள் அண்ணன் ஜோடி ஜோடியாக மாற்றி அதையே போட்டுக் காட்டினார். பதினோரு வருஷமாக எங்கள் மேடைக்கு ஒலி பார்ப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் தொங்கும். அதனால் அந்தப் பெயர். மேடையில் குரலும் வாத்தியமும் பாடுகிறவர்கள் காதுக்குள்ளேயே கேட்கும்படி, அவரவர் காதளவு எடுத்து இந்த மானிட்டர்களைச் செய்து தருவதும் அவர்தான்.

இதையே செய்யுங்கள் என்றேன். மேலோசை கொஞ்சம் கூசுகிறது என்றதும் கணினியில் ஒரு கோட்டைப் பிடித்து லேசாகத் தாழ்த்தினார்.

கூச்சம் போயிற்று. சறுக்கல் போகவில்லை.

அளவெடுக்கும் முன் வாயில் ஒரு சிறு கட்டையைக் கடிக்கக் கொடுத்தார். பாடும்போது தாடை இறங்கும், காதுக்குள் வளைவு மாறும், வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சு மேடையில் கழன்றுவிடும் என்றார். நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளி, குளிர்ந்த பசையைப் பீய்ச்சினார். ஐந்து நிமிஷம் அசையக் கூடாது.

வாய் பிளந்து, காது அடைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா பார்த்தால் இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறாய் என்பாள்.

கேட்க வந்ததை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அக்காவுக்கு இரண்டு வருஷமாகத் தொண்டை சரியில்லை. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே போய் அவள் இறங்கினால் நானும் கூடவே இறங்கிவிடுவேன். ஒருத்தி இறங்கினால் அபசுரம். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் அதுவும் ஓர் அழகு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். அவளை அந்தரத்தில் விட மனசு வரவில்லை.

போன மாதம் பத்திரிகையில் எழுதினார்கள். மூத்தவர் குரலில் குறையில்லை, இளையவர்தான் சுருதியைக் கீழே இழுக்கிறார் என்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்தது அக்காதான். வாசித்து மடித்து வைத்துவிட்டு, மேடையில் நீ என்னைப் படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும், காலையில் இன்னும் ஒரு மணி நேரம் பயிற்சி பண்ணு என்றாள்.

நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

பசை இறுகியதும் அண்ணன் நூலைப் பிடித்து இழுத்தார். என் காதுகளின் உள்வடிவம் ஓடில்லாத இரண்டு நத்தைகளாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. கட்டையைத் துப்பினேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. மேடையில் என் காதுக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். அடுத்த மாத நிகழ்ச்சியில் அப்படியே வரும்.

கீபோர்டு முழுசு. என் குரல் முக்கால். தாளம் கால்.

அக்கா குரல் வேண்டாம் என்றேன். துளிகூட.

காதில் விழுந்தால் மனசு கேட்காது, கூடவே இறங்கிவிடுவேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கவனம் சிதறுகிறது என்று ஒரு பொய் சொன்னேன். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுங்கள், அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். கூடப்பிறந்தவள் கழுத்தில் கை வைத்தது போல் இருந்தது.

கேபிள் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுல என்னம்மா இருக்கு. அக்கா காதுல உன் குரல நான் வெச்சதே இல்ல. முதல் மேடையிலேயே வேண்டாம்னுட்டாங்க. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

முதல் மேடையன்று எனக்குப் பதினேழு வயது. திரைக்குப் பின்னால் நின்றேன். பயப்படாதே, உன் குரலைப் பிடித்துக்கொண்டேதான் நான் வருவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பதினோரு வருஷம். நான் ஏறியது, இறங்கியது, அவளுக்காக வளைந்தது எதுவும் அவள் காதுக்குப் போனதே இல்லை. கேட்டே இராத குரலைத்தான் மேஜையில் வைத்துக் குறை சொல்லியிருக்கிறாள்.

கணினித் திரையில் அக்காவின் பெயருக்கு நேரே இருந்த கோட்டை அண்ணன் பூஜ்யத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்துங்கண்ணே. அவ குரல் எனக்கு முழுசா வேணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றபடி கோட்டை மேலே, உச்சிவரைக்கும் தள்ளினார்.

நான் அவரைத் திருத்தவில்லை.

அவள் இறங்கும் இடம் எனக்குத் துல்லியமாகக் கேட்க வேண்டும். அந்த இடத்தில் இனி நான் மேலேயே நிற்பேன்.