இன்ஜின் தாங்காது

“பங்க்ல இப்ப ஈயம் இல்லாத பெட்ரோல்தாம்பா வருது. என் பழைய இன்ஜின் அதைத் தாங்காது,” என்று கார் கேட்டு வந்த அரங்கநாதனிடம் பாக்கியசாமி கையை விரித்தார்.

பிரசவ வலியில் துடித்த மனைவியை அரங்கநாதன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினான். குழந்தை வழியிலேயே பிறந்தது.

கூட்டேரிப்பட்டில் அதன்பிறகு யாரும் அவரிடம் கார் கேட்கவில்லை.

மறு மாதம் அவர் மகள் பிரின்சிக்கு வலி எடுத்தது. பாக்கியசாமி வெளியே ஓடிவந்தார். அதற்குள் சேதி கேட்டு வாசலில் அரங்கநாதன் டெம்போவோடு வந்து நின்றான்.

“உங்க காருதான் ஓடாதே, அதான் புடிச்சாந்தேன். நாங்க பட்ட பாடு போதும்ணா. ஜல்தியா ஏத்துங்க.”

பாக்கியசாமி கையிலிருந்த கார் சாவியை மறைத்துக்கொண்டு மகளை டெம்போவில் ஏற்றினார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அலறினாள்.

புது பெட்ரோலிலும் ஜோராக ஓடும் என்று மெக்கானிக் எப்போதோ சோதித்துச் சொல்லிவிட்ட கார், புது சீட் கவரில் ஒரு கறையும் படாமல் ஷெட்டில் நின்றது.