மூன்றாவது பாக்டரி வாசலில் யானை

"ஏன்னா, இன்னிக்கு ஒரே ஒரு பொய் வந்தாலும் கரண்டியைப் போட்டுட்டுப் பொறந்தாத்துக்கு மேல்கோட்டை பஸ் ஏறிடுவேன்!" கேசரிபாத்தைக் கிளறியபடியே எச்சரித்தாள் ஸத்யபாமா.

"சத்தியமா வாயைத் திறக்கமாட்டேன், பாமா."

சம்பத்குமாரின் சத்தியத்துக்கு மைசூர் சரஸ்வதிபுரத்தில் செல்லாக்காசு மதிப்புகூடக் கிடையாது. தசரா யானைக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று சொல்லி, மகள் ரஞ்ஜிதாவுக்கு வந்த முதல் வரனை விரட்டியவர். சாமுண்டி மலையை ஒற்றைக்காலில் ஏறிய கதையில் இரண்டாவதும் ஓடிப்போயிற்று. இது மூன்றாவது. பையன் பவனை ரஞ்ஜிதாவுக்குப் பிடித்தும்விட்டது. ஆனால் அவன் அப்பா செல்வப்பிள்ளை முப்பத்தைந்து வருஷம் தணிக்கை அதிகாரி. பொய் பக்கத்துத் தெருவில் வந்தாலே அவருக்கு மூக்கு அரிக்குமாம்.

வந்து உட்கார்ந்ததுமே செல்வப்பிள்ளை கேட்டார். "ரிடையர் ஆனப்புறம் எங்கயாவது ஊர் சுத்தினேளா?"

ஸ்ரீரங்கப்பட்டணம் என்று சொல்லத்தான் சம்பத்குமார் வாயைத் திறந்தார். கண் ஒருதரம் அலமாரிப் பக்கம் போய்வந்தது. நாக்கு தன் வழியே போய்விட்டது.

"டொம்பரீனா தீவு, ஸ்வாமி! நடுக்கடல்ல இருக்கு. வாசலுக்கு வாசல் சாக்லேட் பாக்டரி. பத்து நாள்ல பதினேழு பார்த்தோம். அங்கே கொக்கோ அரைக்க மெஷினே கிடையாது. அலை வந்து அரைச்சுக் குடுத்துட்டுப் போறது!"

சமையலறையில் கரண்டி விழுந்தது.

செல்வப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹௌதா? அப்படியா? போன சம்மர்ல நாங்களும் டொம்பரீனாவுலதான் இருந்தோம்."

சம்பத்குமாருக்குக் குப்பென்று வியர்த்தது. போச்சு, மூன்றாவதும் போச்சு.

"மூணாவது பாக்டரி வாசல்ல என்ன நிக்கும்? சொல்லுங்கோ, பார்ப்போம்." தணிக்கை ஆரம்பமாகிவிட்டது.

"யா... யானை."

"எதுல பண்ணினது?"

"சாக்லேட்லதான்."

"துதிக்கை?"

சம்பத்குமார் பெருமாளை நினைத்துக்கொண்டார். "வெயில்ல... உருகிடுத்து."

"கரெக்ட்!" செல்வப்பிள்ளை தொடையில் ஓங்கித் தட்டினார். "நாங்க போனப்பவே சொட்டிண்டிருந்தது. எங்காத்துக்காரி சொம்பு வெச்சுப் பிடிச்சா!"

பவனின் அம்மா மட்டும் ஏனோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணியில் வெற்றிலைத் தட்டு மாறியது.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் ஸத்யபாமா பெருமூச்சு விட்டாள். "ஏதோ, அவா நிஜமாவே போய்வந்த ஊரா இருந்ததால பிழைச்சோம். அது சரி, இந்த ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டாத மனுஷருக்கு அப்படி ஒரு தீவு இருக்கறது எப்படித் தெரிஞ்சது?"

"நம்மாத்துக்குன்னே பொறந்த சம்பந்தி, பாமா!" என்றபடி சம்பத்குமார் அலமாரியிலிருந்த சிவப்பு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கரப்பான்பூச்சி மருந்து. மூடியின் மேல் கொட்டை எழுத்தில் 'டொம்பரீனா'.