கொடிக்கயிறு

பனியனைத் திருப்பிப் போட்டு, தையலோரம் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டிக்கொண்டிருக்கிறேன். பிசிறு வெட்டுவது என்பார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று டஜன் முடித்தாக வேண்டும். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

வேலாத்தாக்காவைத் திருடி என்று நான் நினைத்திருந்தது முழுசாகப் பத்து நாள்.

நாங்கள் ஒற்றப்பாலத்து ராவுத்தர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். என் வீட்டுக்காரர் இவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. இரண்டு வருசம் தனியாகப் பொங்கித் தின்றுவிட்டு, அறுபத்து மூன்றாம் வருசம் பிறந்த கையோடு நெருப்பெரிச்சலில் ஒரு ஓட்டு வீட்டை வாங்கி, என்னையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டே எங்கள் அம்மா அழுதாள்.

வீடு எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று கேட்டேன். கிணற்றுத் தண்ணீர் சப்பை, வாயில் வைக்க முடியாது, அதுதான் என்றார். குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாளே பக்கத்து வீட்டு வேலாத்தாக்கா வந்தார். எனக்குப் புது ஆள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். இந்த வீட்டில் முன்பு இருந்த சென்னம்மாளுக்கும் என் வயசுதானாம். ரொம்ப வெட்கப்படுவாளாம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் குரலே இறங்கிவிட்டது. எனக்கோ சந்தோசம். என்னைப் போலவே ஒருத்தி இருந்த வீடு.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அக்கா என்னையே பார்த்தார். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் கிணற்றுக் கயிற்றைக் காணோம். கேட்டால், நான்தான் எடுத்தேன் என்று கூசாமல் சொல்கிறார்.

"அது இத்துப்போச்சு அம்மிணி, அந்துரும். தண்ணி நானே கொண்டாந்து ஊத்தறேன்."

சந்தையில் வாங்கி மூன்று நாள்கூட ஆகாத கயிறு.

அடுத்தது கொடிக்கயிறு. காயப்போட்ட துணியை மடித்து வைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்து, விட்டத்தில் சேலையில் கட்டியிருந்த தொட்டில். யாரோ வைத்திருந்த பழைய மரத்தொட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என் நல்ல சேலையை அவிழ்த்துக்கொண்டார். கதவைத் தாழ்ப்பாள் போட்டால் தட்டித் திறக்க வைப்பார். மணிக்கொரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். நாங்கள் கிணற்றைத் தொடுவது பிடிக்கவில்லையோ, ராவுத்தர் வீடு என்பதாலோ என்றெல்லாம் நினைத்தேன்.

பால் ஊற்றுகிற முத்தாத்தாளுக்கு இது வேடிக்கையாகப் போய்விட்டது.

"வேலாத்தா இந்த ஊட்டை இப்படிக் காவக் காக்கறாளே, உள்ள தங்கங்கிங்கம் பொதைச்சு வெச்சிருக்கறயா?"

பத்தாம் நாள் இவரிடம் அழுதேன். வீட்டை விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் நானும் குழந்தையும் ஊருக்குப் போகிறோம் என்றேன். தகப்பன் வழி நிலத்தைக் கொடுத்துவிட்டு இவர் வாங்கிய வீடு. இனி அங்கே திரும்பிப் போனால் உட்காரவும் இடமில்லை. அதையும் தெரிந்துதான் சொன்னேன்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சட்டையை மாட்டினார். படி இறங்கும்போது, முதலில் உங்களுக்குள் என்ன தகராறு என்று கேட்டார். தகராறே இல்லை, முதல் நாள் நன்றாகத்தான் பேசினார் என்றேன்.

"என்ன பேசினாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"இந்தூட்ல முந்தி இருந்த சென்னம்மா நாண்டுக்கிச்சு அம்மிணின்னாங்க. நாணம்னா வெட்கம்தானே? ஆளுகளைக் கண்டா எனக்கும் அப்படித்தானுங்கக்கா வருதுன்னேன்."

இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடி சைது, நாண்டுக்கிறதுன்னா இந்த ஊர்ல வெட்கப்படறது இல்ல. தூக்குப் போட்டுக்கறது."

வீடு மலிவாகக் கிடைத்தது அந்தச் சாவால்தான், தண்ணீர் சப்பை என்று சொன்னது பொய் என்பதையும் அப்போதுதான் ஒத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நான் வரமாட்டேன் என்று பயந்தாராம்.

நானாக ஒருத்தர் வீட்டுப் படியேறியது என் ஆயுசில் அன்றுதான் முதல் தடவை. தட்டுத் தடுமாறி விசயத்தைச் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. கயிறு இரண்டையும் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். என் சேலை துவைத்து மடித்து இருந்தது.

அதை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"சாகறதுக்கு மொத நா அந்தப் புள்ள வேலியோரம் வந்து நின்னுச்சு கண்ணு. அக்கா, சித்தெ நேரம் பேசோணும்னுச்சு. எனக்குச் சோலி கெடக்குது, அப்பறம் வான்னுட்டேன்."

சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதோ, வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவேதான். அம்மிணி, சித்தெ வந்துட்டுப் போறயா என்று கூப்பிடுகிறார். மடியில் இன்னும் ஒன்றரை டஜன் கிடக்கிறது. சோலி கிடக்குதுங்கக்கா, அப்புறம் வர்றேன் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்த வார்த்தையை மட்டும் அவரிடம் சொல்ல மாட்டேன். பிசிறு கிடக்கட்டும், போய்விட்டு வருகிறேன்.