சத்தம் போடுகிற கோழி

எந்தக் கோழி அதிகம் சத்தம் போடும் என்று றிம்சானிடம் கேட்டேன்.

அவன் கோழித்தீன் கோப்பையைக் கீழே வைத்தான். சம்மாந்துறையில் பத்து வருடமாகக் கோழி விற்கிறவன். முட்டைக்கென்று வருவார்களாம், இறைச்சிக்கென்று வருவார்களாம். சத்தத்துக்கென்று வந்த முதல் ஆள் நான்தானாம்.

முன்னே பின்னே வளர்த்ததுண்டா காக்கா என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி விசாரித்தான். இல்லை என்றேன். அப்படியென்றால் தான் சொல்வதைக் கேட்கச் சொல்லி, கூடு கூடாகக் கூட்டிப்போனான்.

வெள்ளை லெகோன் வேண்டாம். முட்டை நிறைய இடும், ஆனால் ஆளைக் கண்டால் பதறும், மதிலைத் தாவி அடுத்த வளவுக்குப் போகும், பிறகு அந்த வீட்டுக்காரரோடு சண்டை. சிவப்பு ரோட் ஐலண்ட் புதிதாக வளர்க்கிறவருக்குச் சரி. தீன் பிந்தினாலும் கோபிக்காது. தன் மனைவியைவிடப் பொறுமை என்றான்.

ஊர்க்கோழி தானே பொறுக்கித் தின்னும், நோய் வருத்தம் வருவதும் குறைவு. ஆனால் முட்டை இட்டால் முழுத் தெருவுக்கும் அறிவிக்கும். முட்டை என்னவோ சின்னத் தேசிக்காய் அளவுதான்.

அதில் நாலு தரச் சொன்னேன்.

கோழி எனக்கில்லை. சுஹறாவுக்கு.

நான் அவளுக்குத் தலாக் சொல்லிப் பதினொரு மாதம். ஒரு தலாக்தான். அவள் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலமும் முடிந்துவிட்டது. ஆனாலும் புதிதாக நிக்காஹ் செய்து திரும்பச் சேர்ந்து வாழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது. அவள் ஓம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வருவான். நான் போகும்போதும் அதே சூட்கேசோடுதான் போனேன்.

இன்று அந்த வீட்டு வாசல் கேற்றைத் தட்டப்போகிறேன். வெறுங்கையோடு தட்ட முடியாது.

சேர்ந்து வாழ்ந்த ஆறு வருடமும் எனக்கு ஐஸ் கம்பனியில் இரவு வேலை. விடிய சுபஹுக்கு வந்து படுத்தால் மத்தியானம் லுஹர் வரை பிணம். சுஹறா கோழி வளர்க்கக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த வருடமும் கேட்டாள். ஒருமுறை கேட்காமலே அவளுடைய மாமி வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அது முட்டை இட்டுவிட்டுக் கொக்கரித்தது. நான் எழும்பிப்போய் அதைப் பிடித்து அறுத்தேன். இரவு அந்தக் கறியோடு சோறு தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

அவள் தின்னவில்லை. அந்த முட்டையை மட்டும் கனநாள் பிரிட்ஜில் வைத்திருந்தாள்.

தலாக்குக்குக் காரணம் கோழி இல்லை. என் வாய். ஆனால் வாயை அவள் மன்னித்தாலும் கோழியை மன்னிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் வேலையை விட்டேன். இப்போது எல்லோரையும் போல இரவில் தூங்குகிறேன், அல்லது தூங்கப் பார்க்கிறேன். நாலு ஊர்க்கோழி அவள் வளவில் நின்று பகல் முழுக்கக் கத்த வேண்டும். நான் உள்ளே இருந்து அதைக் கேட்க வேண்டும். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

றிம்சான் கோழிகளைப் பிடித்துக் காலைக் கட்டினான். எந்த ஊருக்கு என்று கேட்டான். சாய்ந்தமருது என்றேன். சுஹறாவின் தெருவையும் சொன்னேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதே தெருவிலிருந்து போன கிழமை பஸால் என்று ஒருவர் வந்தாராம். அவருடைய ராத்தாவுக்குக் கோழி வளர்க்க ஆசையாம். ஆனால் நான் கேட்டதற்கு நேர்மாறு, சத்தமே போடாத கோழிதான் வேண்டுமாம். பகலில் தூங்குகிற ஆள் இருக்கிற வீடாம்.

பஸால் சுஹறாவின் தம்பி.

நான் கூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நான் வேலையை விட்டது அவளுக்குத் தெரியாது. நான் திரும்பி வருவேன் என்று நினைத்து, என் தூக்கம் கெடாத கோழியாகத் தேடியிருக்கிறாள். இவ்வளவு நாளும் நான் தட்டுவதற்காகத்தான் அந்தக் கேற் காத்திருந்திருக்கிறது.

றிம்சான் அவருக்குக் கறுப்பு ஒஸ்ரலோப் கோழி நாலு கொடுத்தானாம். அது பூனை மாதிரி நடக்குமாம். முட்டை இட்டாலும் தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விடுமாம்.

“வரப்போற மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில இரவு டியூட்டியாம் காக்கா,” என்றான் கயிற்றை முடிச்சுப் போட்டபடி. “வாற வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதுக்கு முந்திக் கோழி வளவுக்குப் பழகிரணுமாம்.”

நாலு ஊர்க்கோழியும் தரையில் கிடந்து கத்தின. அவன் பொய் சொல்லவில்லை, காது கிழிகிற சத்தம்தான்.

சாய்ந்தமருதிலிருந்து இந்த இடத்துக்குச் சைக்கிளில் அரை மணி நேரம்.

சத்தம் போடாத கோழி இருக்கிறதா என்று ஆறு வருடத்தில் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.