அழிக்காமல் விட்டவை

அலுவலகத்திலிருந்து வந்ததும் தமயந்தியின் போனை வாங்கி, பகலெல்லாம் அவள் எதைத் தேடினாள் என்று பார்ப்பது கணவனின் வழக்கம். ஒருநாள் எல்லாவற்றையும் அழித்து வைத்தாள். "ஒண்ணுமே தேடலையா?" என்று அவன் கேட்ட விதத்தில், இனி முழுதாக அழிக்கக் கூடாது என்று புரிந்துகொண்டாள். அதிலிருந்து, பெண்கள் விடுதிகளைத் தேடியதை மட்டும் அழித்தாள். சமையல் குறிப்புகளைத் தேடி, அப்படியே விட்டுவைத்தாள். சந்தேகம் வராதிருக்க அவற்றைச் சமைக்கவும் செய்தாள்.

இன்று பீர்க்கங்காய்த் துவையல்.

"நல்லாருக்கு," என்றான், போனிலிருந்து கண்ணெடுக்காமல். "பதினொண்ணு பத்துக்குத் தேடியிருக்க. அடுத்தது பதினொண்ணு நாப்பதுக்கு."

"ஆமாங்க."

"நடுவுல அரைமணி நேரம் என்ன பண்ணின?"

"பால் பொங்குதுங்க" என்று சமையலறைக்கு ஓடினாள்.

பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. பின்னால் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.