தோதான மட்டை

டிரைவரின் தோளில் கை போட்டபடி கோல்ஃப் கடைக்குள் நுழைந்த பெரியவரைப் பார்த்ததும் விற்பனையாளருக்கு வயிறு எரிந்தது. தன்னுடைய முதலாளி இப்படித் தோளில் எல்லாம் கை போட வேண்டாம், வருடத்துக்கு ஒரு தரம் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும். கொடுத்துவைத்த டிரைவர்!

பெரியவர் ஒரு பெரிய கம்பெனியின் தலைவர். பேப்பரில் அடிக்கடி படம் வரும் ஆள். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி, கண்ணாடி மேஜையில் சாய்ந்து நின்றார்.

“பட்டர் வேணும்ப்பா. என் ஸ்ட்ரோக்குக்குத் தோதா ஒண்ணு எடு.”

கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குத்தான் பட்டர் என்று பெயர். மாப்பிள்ளை பட்டர் விற்கிறார் என்று கேள்விப்பட்ட விற்பனையாளரின் மாமியார், இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் வெண்ணெய் விலையைத்தான் விசாரிக்கிறார்.

“உங்க ஸ்ட்ரோக் எப்படி சார்? அடி நேராப் போகுமா, வளைஞ்சு வருமா?”

“இடது பக்கம் இழுக்குது.”

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“கவலையை விடுங்க சார். மட்டையை மாத்தினா எல்லாம் சரியாயிடும்.”

பெரியவர் சிரித்தார். சிரிப்பு கோணலாக இருந்தது. “அப்படிச் சொன்ன முதல் ஆளு நீதாம்ப்பா.”

விற்பனையாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு மட்டையை எடுத்து விரல்மேல் படுக்கவைத்துக் காட்டினார். “பாருங்க, இதோட தலை மேலே பார்க்குதா? இது நேரா அடிக்கிறவங்களுக்கு. மூக்கு கீழே தொங்கினா வளைச்சு அடிக்கிறவங்களுக்கு. ஆளுக்கு ஒரு மட்டை சார். மாத்தி வாங்கினா மானம் போயிடும்.”

“மானம்தாம்ப்பா விஷயமே. திங்கட்கிழமை கிளப் புல்வெளியில எங்க பங்குதாரருங்க எல்லாம் கூடுறாங்க. அடுத்த தலைவர் யாருன்னு அங்கதான் பேச்சு. அவங்க வர்றதுக்கு முன்னாடியே நான் போய் நின்னுடணும். நின்னு காட்டணும். தடுமாறினேன்னு வை, நாற்காலி சின்னவனுக்குப் போயிடும்.”

“சின்னவர்னா, மகனா சார்?”

“கூடப்பொறந்தவன். அப்பா போனப்புறம் நான் தூக்கி வளர்த்தவன். இப்ப பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் ‘அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு’ன்னு விசாரிக்கிறான். பாசமாம்! அதனாலதான் உன்னைக்கூடத் தம்பின்னு கூப்பிடலை. தப்பா எடுத்துக்காதே, அந்த வார்த்தையே கசந்துபோச்சு.”

விற்பனையாளருக்கும் ஒரு தம்பி உண்டு. பேச்சுவார்த்தை இல்லை. எப்பாடுபட்டாவது திங்கட்கிழமை இந்த அண்ணனை ஜெயிக்க வைத்துவிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

முதலில் மெல்லிசான தலை கொண்ட ஒரு மட்டையைக் கொடுத்தார். பெரியவர் வலது கையால் வாங்கித் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

“வழுக்குது.”

அடுத்ததைக் கொடுத்தார்.

“குட்டையா இருக்கு. குனிய வேண்டியிருக்கு.”

“குனிஞ்சாத்தானே சார் பந்து தெரியும்?”

“அவன் முன்னாடி நான் குனிய முடியாதுப்பா.”

மூன்றாவது நல்ல உயரம். அகலத் தலை, தடித்த பிடி. பெரியவர் தன் முழு பாரத்தையும் அதன்மேல் போட்டார். “வளையாதே?”

“வளையாது. ஆனா யாரும் இப்படி அழுத்த மாட்டாங்க சார். மட்டையைப் பூ மாதிரி பிடிக்கணும்.”

“இதையே கட்டிக் குடு.”

விற்பனையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நேரம் தொண்டை வற்றக் கத்தினது எதற்கு? இவருக்கு ஆட்டமும் தெரியவில்லை, சொன்னாலும் ஏறவில்லை. பச்சைக் கம்பளத்தின்மேல் ஒரு பந்தை எடுத்துவைத்தார்.

“ஒரே ஒரு பந்து அடிங்க சார். உங்க ஸ்ட்ரோக்கைக் கண்ணால பார்க்காம இதுக்கு நான் பில் போட மாட்டேன். வீம்புக்கு வாங்கிட்டுப் போய், கூடப்பொறந்தவன் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்காதீங்க.”

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் ஒரு பார்வையிலேயே அவரை அடக்கிவிட்டார்.

“நீ தள்ளி நில்லு,” என்றார் அவரிடம்.

மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை நோக்கி நடந்தார். வலது கால் முன்னால் போனது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. நடை பழகும் குழந்தையின் பின்னால் போகிறவர் போல, டிரைவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே போனார்.

விற்பனையாளர் கம்பளத்தில் வைத்த பந்தை மெதுவாக எடுத்துக்கொண்டார். “சார்… ஸ்ட்ரோக்னு நீங்க சொன்னது…”

“தூக்கத்துல வந்துதுப்பா. சின்னவன்கிட்ட வெளியூர்ல இருக்கேன்னுதான் சொல்லியிருக்கு.”

கண்ணாடியில் தன்னையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார் பெரியவர். பேப்பரில் பார்த்த கம்பீரமெல்லாம் அந்த முகத்தில் இல்லை. திரும்பி, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

“நல்லாப் பார்த்துச் சொல்லுப்பா… கைத்தடி மாதிரி தெரியலையே?”