ஆகஸ்ட் மாதத்துக் கம்பளிக் குல்லா

கதவைத் திறந்ததுமே கீழ்வீட்டு ஸலீஹா, வஸீலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"மனசை விட்றாதடி. விசா இல்லைன்னுட்டா உலகமே முடிஞ்சு போச்சா?"

வஸீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்த விசா?"

"என்கிட்டயே மறைக்கிறியா? உனக்கும் பையனுக்கும் கனடாக்காரன் முடியாதுன்னுட்டானாமே. மாடி வீட்டு ஹூரியாதான் சொன்னா. என் மகனுக்கும் இப்படித்தான் கையை விரிச்சான், எனக்குத் தெரியும் அந்த வேதனை. ஒவ்வொரு தொழுகையிலயும் உனக்காக துஆ கேக்கறேன், அழாதே."

கொண்டுவந்த குஸ்குஸ் சோற்றுத் தட்டை நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினாள் ஸலீஹா.

யாரும் முடியாது என்று சொல்லவே இல்லை. பாஸ்போர்ட் இன்னும் விசா அலுவலகத்தில்தான் கிடக்கிறது.

வஸீலாவின் புருஷன் முராத்துக்கு மாண்ட்ரியலில் வெல்டிங் வேலை. அவன் கிளம்பியபோது பையன் அனிஸ் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது போனில் அப்பா முகம் தெரிந்தால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இந்தத் தடவை விசா கிடைக்காவிட்டால் அப்பனும் மகனும் ஒருத்தரையொருத்தர் தெரியாமலே போய்விடுவார்களோ என்பதுதான் அவள் பயம்.

"கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடாதே. கண்ணு பட்டுடும்" என்று முராத் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எங்கள் அல்ஜியர்ஸில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். விமானம் ஏறி, போய் இறங்கி, அங்கிருந்து போன் போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரிக்கே விஷயம் தெரியும்.

வஸீலா வாயைக் கட்டிக்கொண்டாள். கையைத்தான் கட்ட முடியவில்லை.

இந்தத் தெருவில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஸ்வெட்டரும் காலுறையும் பின்னிக் கொடுக்கிறவள். பனி கொட்டுகிற ஊருக்குப் போகும் சொந்தப் பிள்ளைக்குக் கடையிலா வாங்குவாள்? பால்கனியில் உட்கார்ந்து இரட்டை நூலில் ஸ்வெட்டர், கையுறை, காதை மூடுகிற குல்லா என்று பின்னித் தள்ளினாள். அதுவும் ஆகஸ்ட் மாதம். பனியனைக்கூடக் கழற்றி எறியச் சொல்கிற வெயில்!

மேல் பால்கனியிலிருந்து ஹூரியா காலா எட்டிப் பார்த்தாள். வயதில் மூத்த பெண்களை இங்கே காலா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம்.

"யாருக்குடி இவ்வளவு குளிருது?"

"கடை ஆர்டர் காலா. மலைப்பக்கத்துக் கடை."

"ஓ" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள் காலா.

அடுத்த நாளே வஸீலாவுக்கு விசா இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

'என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உள்ளே உட்கார்ந்து பின்னியிருக்கக் கூடாதா?' என்று வஸீலா நொந்துகொண்டாள். அதைவிட ஹூரியா மேல்தான் ஆத்திரம். இவள் போவது பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இன்னும் பதிலே வராத விசாவைக் கிடைக்கவில்லை என்று வாய் கூசாமல் சொல்கிறாளே! அந்த விளங்காத வாய் சொன்னது பலித்துவிட்டால்?

ஆறுதல் சொல்ல ஆள் வந்தபடி இருந்தார்கள். கடைக்காரர் மனைவி வந்தாள். முகம் கொடுத்தே பேசாத எதிர்வீட்டுக்காரிகூட வந்து, "வெள்ளிக்கிழமை எல்லாரும் உனக்காக துஆ செஞ்சோம்" என்றாள். ஒவ்வொருத்தி போன பிறகும் வஸீலாவுக்குப் பயம் கூடியது. ஊசியிலிருந்து கண்ணிகள் நழுவின. பின்னியதைப் பிரித்தாள், மறுபடி பின்னினாள்.

ஹூரியா காலா வந்து கதவைத் தட்டியபோது திறக்கவே இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டு, "வஸீலா, ஒரு நிமிஷம்" என்று அவள் கூப்பிட்டதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஒருவழியாகப் போனில் தகவல் வந்தது. பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும்தான். உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது.

வாங்கிய உறையை அலுவலகத்தில் வைத்துப் பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தெருவுக்கு வந்து, ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடித்தான் பிரித்தாள். இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டியிருந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய், பெண்கள் அடுப்படியில் இருக்கும் வெள்ளிக்கிழமை மதியமாகப் பார்த்து, பெட்டிகளோடும் பையனோடும் பூனை மாதிரி படி இறங்கினாள்.

வாசலில் ஹூரியா காலா நின்றிருந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். பயணம் போகிறவர் நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று பின்னால் ஊற்றுகிற தண்ணீர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" வஸீலா பெட்டிகளைக் கீழே வைத்தாள்.

"வெளியில நிக்கற டாக்ஸி யாரோடதுன்னு நினைச்சே? என் தங்கச்சி மகனோடதுதான்."

அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது வஸீலாவுக்கு.

"தண்ணி ஊத்த வந்துட்டீங்களாக்கும்! விசா இல்லைன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது நீங்கதானே? நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன் காலா?"

"நானேதான் சொன்னேன். ஏன்னு சொல்ல வந்தா நீ கதவைத் திறந்தியா?" காலா ஒரு கையால் அனிஸின் கன்னத்தைத் தட்டினாள். "ஆகஸ்ட்ல நீ பின்னின கம்பளிக் குல்லாவைப் பார்த்தே, நீ கனடா போகப்போறேன்னு கட்டடம் முழுக்க மோப்பம் பிடிச்சாச்சு. படிக்கட்டுல ஒரே வயித்தெரிச்சல். வேற என்னடி பண்ணச் சொல்றே? கிடைக்கலைன்னு ஒரு பொய்யைப் போட்டேன். கண்ணு வைக்க இருந்தவளுங்க அத்தனை பேரும் அன்னையிலேருந்து உனக்காக துஆ கேக்க ஆரம்பிச்சுட்டாளுங்க!"